அம்மா செய்து பார்த்ததெல்லாம்

ஆரணி
9-2-2003

அன்புள்ள சிவகுமாருக்கு,

அம்மா அபிதகுசாம்பாள் எழுதுவது. இங்கே ஒரு குறையும் இல்லை. நீ அந்த அமெரிக்கக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, இல்லையா?

போன வருஷம் நீ வந்திருந்தபோது செய்த கூத்தை நான் மறக்கவில்லை. மார்கழிப் பனியில் பச்சைத் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டாய். சுடச்சுட இட்லி வைத்தால் "மத்தியானத்துக்கு மேலதான் சாப்பிடுவேன்" என்றாய். சுவரைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்தாய். கேட்டால் மூளைக்குப் பயிற்சி என்றாய். பக்கத்து வீட்டு அருணாச்சலம் அண்ணன் வந்து, "பையனுக்கு ஏதாவது வேண்டுதலா?" என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார். நானும் உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

இப்போது அதையெல்லாம் எனக்கு எழுது. எதை எப்படிச் செய்ய வேண்டும், எது எதற்கு நல்லது என்று. முக்கியமாக மூளைக்கு. எனக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. அப்பா போனதிலிருந்து வியாபாரம் முழுக்க என் தலையில். தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் கொடுக்க வேண்டும், நெய்து வந்த புடவையை வேலூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஐம்பத்தாறு வயதில் கொஞ்சம் சுறுசுறுப்பு கூடினால் நல்லதுதானே.

போன் வேண்டாம். கடையில் எந்நேரமும் நாலு பேர் நிற்கிறார்கள். கடிதம் என்றால் மறுபடி எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

உன் சாப்பாட்டை நினைத்தபடி,
அம்மா

*

சான் ஓசே
23-2-2003

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எழுதியது என் அம்மாதானா என்று சந்தேகம். சனிக்கிழமைக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன், எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேனே. உடம்பையும் மூளையையும் நாமே சோதித்துப் பார்த்துச் சீராக்கலாம் என்று நம்புகிற ஏழெட்டுப் பேர். மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறவர் ஒருவர், ஒரு நர்ஸம்மா, மற்றவர்கள் என்னைப் போல கம்ப்யூட்டர்க்காரர்கள்.

நீ செய்ய வேண்டியது இதுதான். காலையில் எழுந்ததும் வெயில் முகத்தில் படுகிற மாதிரி வெளியே நில். வெந்நீரை விட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளி. மத்தியானத்துக்கு மேல் காபி கூடாது. சாப்பிட்டவுடனே உட்காராமல் தெருவில் ஒரு நடை போய் வா. மூளைக்கு என்றால், இடது கையால் எழுதிப் பழகு, தெரியாத பாஷையில் எழுத்துக் கற்றுக்கொள். நான் பாலை நிறுத்தியதிலிருந்து தலை லேசாக இருக்கிறது. நீயும் நிறுத்திப் பார். சாப்பாட்டை ஒரு எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வது இன்னும் நல்லது. ஆனால் நீ சுகர் மாத்திரை போடுவதால் டாக்டரைக் கேட்காமல் அதை மட்டும் செய்யாதே.

நான் இப்போது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் தூங்குகிறேன். மிச்ச நேரமெல்லாம் லாபம். ஊருக்கு வருகிற நண்பனிடம் ஞாபக சக்தி மாத்திரை ஒரு டப்பா கொடுத்து அனுப்புகிறேன்.

பெருமையுடன்,
சிவா

*

ஆரணி
6-4-2003

அன்புள்ள சிவகுமாருக்கு,

மாத்திரை டப்பா வந்து சேர்ந்தது. குதிரைக்குக் கொடுக்கிற சைஸில் இருக்கிறது. ஆனாலும் விழுங்குகிறேன்.

நீ சொன்னது ஒன்று விடாமல் செய்கிறேன். காலையில் மாடியில் ஏறி வெயிலில் நிற்கிறேன். பச்சைத் தண்ணீர் முதல் சொம்பு ஊற்றும்போது உன் பேரைச் சொல்லித்தான் கத்துகிறேன். பால், தயிர், மோர் எல்லாம் நிறுத்தியாயிற்று. அப்பா போனபின் நான் கறி, முட்டை தொடுவதில்லை என்று உனக்குத் தெரியும். இப்போது சாம்பார், ரசம், பொரியல், அவ்வளவுதான். இடது கையால் "ஆரணி" என்று எழுதினால் நண்டு நடந்த மாதிரி வருகிறது. தெருமுனை ரெடிமேட் கடைக்காரர் பெண்ணிடம் உருது எழுத்துக் கற்றுக்கொள்கிறேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

பச்சைத் தண்ணீராலோ என்னவோ பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. நாக்கும் எரிகிறது. உடம்பு பழகும்வரை அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

அருணாச்சலம் அண்ணன் மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை தெள்ளாரில் வாத்தியார். நம்மிடம்தான் முகூர்த்தப் புடவை, மாம்பழ மஞ்சளில் அரக்கு முந்தி.

இன்னும் வேறு ஏதாவது வழி இருந்தால் எழுது. சீக்கிரம் எழுது.

அம்மா

*

சான் ஓசே
27-4-2003

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரே வாரத்தில் உன்னிடமிருந்து இரண்டு கடிதம். சந்தோஷமாகப் பிரித்தேன். இரண்டிலும் அருணாச்சலம் மாமா மகள் நிச்சயம், தெள்ளார் வாத்தியார், மாம்பழ மஞ்சள், அரக்கு முந்தி. கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். இரண்டாவது கடிதத்தில், "உனக்கு இதை இன்னும் சொல்லவில்லையே" என்று ஆரம்பித்திருக்கிறாய்.

நீ வேண்டாம் என்று சொல்லியும் கடைக்குப் போன் செய்தேன். கணக்குப் பார்க்கும் ஜெயவேல் அண்ணன்தான் எடுத்தார். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். தறிக் கணக்கைப் பற்றி ஏதோ சொன்னார். அப்புறம், "நீ அம்மாவையே கேளுப்பா" என்றார்.

கேட்கிறேன். சுறுசுறுப்புக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறாயா?

சிவா

*

ஆரணி
11-5-2003

சிவகுமாருக்கு,

அம்மாவை வேவு பார்க்கத்தான் உன்னைப் படிக்க வைத்தேனா? இரண்டு கடிதத்தில் ஒரு செய்தி வந்தால் என்ன குடி முழுகிவிட்டது?

மேலே இருப்பதை நேற்று எழுதினேன். கிழிக்கலாம் என்று நினைத்தேன், கிழிக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் புடவை மூட்டையோடு வேலூர் பஸ் ஏறினேன். கண்ணமங்கலத்தில் நிறைய பேர் இறங்கினார்கள், நானும் இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது. கையில் மூட்டை. எதற்கு வந்தேன், எங்கே போக வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. ஒரு பூக்காரம்மா, "எந்த ஊருக்கும்மா போவணும்? நின்னுகினே இருக்கியே" என்றாள். எனக்கு ஊர் பேர் வரவில்லை, சிவா. இருபத்தைந்து வருஷமாகப் போய் வருகிற ஊர். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் வேலூர் என்று வந்தது.

அதற்கப்புறம்தான் உனக்கு எழுதினேன். போன் வேண்டாம் என்றதும் அதனால்தான். பேசும்போது நடுவில் வார்த்தை தொலைந்துவிடுகிறது. ஒரே புடவையை இரண்டு தறிக்குச் சொல்லிவிடுகிறேன். ஜெயவேல் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறான்.

போளூர் மாணிக்கவேல் மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சாவியைத் தேடினார். அப்புறம் வீட்டைத் தேடினார். இப்போது அத்தையைப் பார்த்தே, "இந்தம்மா யாரு?" என்கிறார். என் கூடப் பிறந்தவர். ஒன்றரை வருஷமாக நான் போளூர்ப் பக்கமே போகவில்லை. வேலை என்று சொல்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தால் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது.

டாக்டரிடம் போக மாட்டேன். போனால் அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார். அப்புறம் ஊருக்கு நான் அந்தப் பேர்தான். நீயும் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்காதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

வேறு பயிற்சி இருந்தால் மட்டும் எழுது.

அம்மா

*

சான் ஓசே
25-5-2003

அம்மா,

நான் வரவில்லை. நீ கதவைத் திறக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உன்னைப் பற்றி யார் என்று சொல்லாமல் சனிக்கிழமைக் கூட்டத்தில் கேட்டேன். நர்ஸம்மா ஒன்றுதான் சொன்னார். "மறதி என்றால் ஒரே வியாதி இல்லை. குணமாகிற காரணங்களும் உண்டு. ரத்தம் எடுத்துப் பார்க்காமல் யாரும் எதையும் சொல்ல முடியாது." அவர் கேட்டது ஒன்று உறுத்துகிறது. "கால் மரத்துப்போகிறதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்றார். நீ முன்பே எழுதியிருந்தாய். நான் கவனிக்கவில்லை.

இப்போது நான் சொல்வதை யாரிடமும் சொல்லாதே. போன மாதம் சிக்னலில் காரை நிறுத்தினவன் அப்படியே தூங்கிவிட்டேன். பச்சை விழுந்து, திரும்பவும் சிவப்பு விழுந்து, பின்னால் வந்தவர் இறங்கிக் கண்ணாடியைத் தட்டித்தான் எழுந்தேன். கால் பிரேக்கில் இருந்ததால் தப்பித்தேன். கூட்டத்தில் நாலு மணி நேரத் தூக்கத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவன் நான். இதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. நாம் இரண்டு பேரும் எதற்குப் பயமோ அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்கிறோம்.

ஒரு பேரம் பேசலாமா? நீ வேலூர் போய் ரத்தம் கொடு. ஜெயவேல் அண்ணன் கூட வரட்டும். நான் இன்றிலிருந்து மனுஷனைப் போலத் தூங்குகிறேன். நீ போகாவிட்டால் நான் தூங்க மாட்டேன்.

உன் பதிலுக்காக,
சிவா

*

ஆரணி
29-6-2003

அன்புள்ள சிவகுமாருக்கு,

பெற்ற தாயிடம் பேரம் பேசுகிறாய். வியாபாரி வீட்டுப் பிள்ளை என்று காட்டிவிட்டாய்.

போனேன். ஜெயவேலிடம் எப்படிச் சொல்வது என்று காலையெல்லாம் தடுமாறினேன். கடைசியில், "வேலூர் ஆஸ்பத்திரிக்கு என்கூட வரியாப்பா?" என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. "ஆறு மாசமா பாத்துகினுதான் இருக்கேன்மா. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றான். பஸ்ஸில் கண்ணமங்கலம் வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண், சாவித்திரி என்று பேர். கண்ணை மூடிக்கொண்டு நேராக நிற்கச் சொன்னாள். நின்றதும் அப்படியே சாய்ந்துவிட்டேன், அவள்தான் பிடித்தாள். ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிருதாம்மா?" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நெற்றியில் வைத்தபோது நன்றாகத் தெரிந்தது. நாக்கைப் பார்த்தாள். என்ன சாப்பிடுகிறேன், சுகர் மாத்திரை எத்தனை வருஷமாக என்றெல்லாம் கேட்டாள். அப்புறம் ரத்தம்.

மறு வாரம் போனபோது படிக்கட்டில் கால் எழவில்லை. "வேணாம்பா, திரும்பிடலாம்" என்றேன். ஜெயவேல், "சரிம்மா. ஒரு டீ குடிச்சுட்டு முடிவு பண்ணலாம்" என்று கேன்டீனுக்குக் கூட்டிப் போனான். பால் இல்லாத டீ. குடித்துவிட்டு நானே எழுந்து நடந்தேன்.

உன் மாமாவுக்கு வந்தது இல்லையாம், சிவா.

பி-12 என்று ஒரு சத்து. அது என் ரத்தத்தில் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதாம். சுகர் மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் சிலருக்கு அது குறையுமாம். கறி, முட்டை இல்லாதவர்களுக்குப் பால்தான் வழியாம். "பாலையும் நிறுத்திட்டீங்களா? யார் சொன்னது?" என்றாள். நான் உன் பேரைச் சொல்லவில்லை. பேப்பரில் படித்தேன் என்றேன். நீயும் உன் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. பாலை நிறுத்தியது கொஞ்ச நாள்தான், இது ரொம்ப வருஷமாகக் குறைந்துகொண்டே வந்தது என்று அவளே சொன்னாள்.

ஊசி போடுகிறார்கள். ஞாபகம் பெரும்பாலும் திரும்பும், காலுக்கு நாள் ஆகும், முழுசாகச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். அப்படிச் சொன்னதால்தான் அவளை நம்பினேன். உன் குதிரை மாத்திரையைக் காட்டினேன். "இதனால ஒரு பிரயோஜனமும் இல்ல, விட்டுடுங்க" என்று சிரித்தாள். நடையையும் வெயிலையும் விட வேண்டாம் என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தம்ளர் மோர் வாங்கி நின்றபடியே குடித்தேன்.

நீ தூங்குகிறாயா?

அம்மா

*

சான் ஓசே
13-7-2003

அம்மா,

கடிதத்தை ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில் படித்தேன். "மாமாவுக்கு வந்தது இல்லை" என்ற வரியை மூன்று தரம் படித்துவிட்டுத்தான் மேலே போனேன்.

தூங்குகிறேன். சிக்னலில் நடந்ததைக் கூட்டத்திலும் சொல்லிவிட்டேன். நான் சொல்லி முடித்ததும் இன்னொருவன், "எனக்கும்" என்றான்.

ஊசியை ஒன்றுகூடத் தவற விடாதே.

சிவா

*

ஆரணி
9-11-2003

அன்புள்ள சிவகுமாருக்கு,

தீபாவளி வியாபாரம் இந்த வருஷம் மூச்சு விட விடவில்லை. எந்தப் புடவை எந்தத் தறியில் இருக்கிறது என்று ஜெயவேல் கேட்டால் நானே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு வார்த்தை தொலைகிறது, தேடினால் கிடைத்துவிடுகிறது. இடது பாதம் இன்னும் கொஞ்சம் மரப்புதான். வலது காலில் செருப்பு இருப்பது தெரிகிறது. அந்த டாக்டர் பெண் திரும்பவும் கவையை வைத்தபோது, "அதிருது, அதிருது" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நேற்று போளூர் போனேன்.

போவதற்கு முன் அத்தையிடம் சொல்லி மாமாவுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தேன். அவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்கு இருந்த வழி அவருக்கு இல்லை. அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க அழுதேன். அப்புறம்தான் பஸ் ஏறினேன்.

மாமா வெள்ளை வேட்டி கட்டி, நன்றாகச் சவரம் செய்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க. யாரு நீங்க?" என்றார். "அபிதா" என்றேன். "நல்ல பேரு. உக்காருங்க, சாப்ட்டுதான் போவணும்" என்றார். அத்தை பக்கம் திரும்பி, "ஏம்மா, வந்தவங்களுக்கு எலை போடு" என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "வாங்க. யாரு நீங்க?" மறுபடி பேர் சொன்னேன். மறுபடி, "உக்காருங்க, சாப்ட்டுதான் போவணும்." மத்தியானம் முழுக்க இப்படித்தான். நாங்கள் புதுசு புதுசாக அறிமுகம் ஆனோம். ஒரு தடவைகூட அவர் முகம் சுளிக்கவில்லை. என் இலையில் அப்பளம் இல்லை என்று அவருக்குத்தான் தெரிந்தது. தன் இலையில் இருந்ததை எடுத்து வைத்தார்.

மனுஷனுக்கு எல்லாம் போய்விடும் என்றுதான் நான் ஒன்றரை வருஷம் நடுங்கிக்கொண்டிருந்தேன், சிவா. எல்லாம் போகவில்லை. வந்தவரைச் சாப்பிட வைக்க வேண்டும் என்பது அவரிடம் அப்படியே இருக்கிறது. அத்தை ஓய்ந்துபோய்த் தெரிகிறாள். இனி வெள்ளிக்கிழமைதோறும் நான் போய் மாமாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ கோயிலுக்கோ எங்கேயோ போய்விட்டு வா என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தை மாதம் நீ வருவதாக எழுதியிருக்கிறாய். வா. என்னைக் காவல் காக்க வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு போளூர் வந்தால் போதும். மாமா உன்னையும் யார் என்று கேட்பார். சிவகுமார் என்று சொல். எத்தனை தரம் கேட்டாலும் சொல். அன்றைக்கு மட்டும் காலையில் சாப்பிடாமல் பசியோடு வா.

எப்போதும் உன்,
அம்மா