நான்கு நிமிட இணைப்பு

மார்ச் 3, 09:10. நகரமாதிரி அறை
மாதிரி ஓட்டம் 2114 முடிந்தது. பிழை இல்லை. மெட்ரோ, மின்ரயில், மினிபஸ், நடை எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு லட்சம் நிழல்கள். ஒவ்வொன்றும் ஒரு பயணியின் அட்டைப் பதிவிலிருந்து உருவானது. நாளைய பொழுதை அவை இன்றே வாழ்ந்து பார்க்கின்றன. அதைக் கொண்டு இயந்திரம் வண்டிகளின் நேரத்தை வைக்கிறது. அறையில் நான் ஒருத்திதான். எனக்குப் பின் வருபவருக்காக எழுதுகிறேன்.
இறந்தவர்களின் நிழல்களை நீக்க வேண்டும். பட்டியலில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தேழு நீக்கினேன்.

மார்ச் 4, 11:25
மீதமுள்ள நிழல் என் மகள் நறுமுகை. ஜனவரி 29 அன்று இறந்தாள். நிழல் இன்னும் கல்லூரிக்குப் போய்வருகிறது. மாலை 18:41க்கு மணலோடை சந்திப்பில் மெட்ரோவை விட்டு இறங்கி, 18:45 மின்ரயிலைப் பிடிக்கிறது.
இன்று அந்த இரண்டு நிலையங்களையும் இணைக்கும் நடைபாலத்தில் முதல்முறையாக நடந்தேன். பதினொரு நிமிடம்.
இயந்திரத்தில் இந்த நடைக்கு உள்ள நான்கு நிமிடம் என்ற எண் என்னுடையது. ஒரு வாயிலில் அட்டை காட்டி வெளியேறி, அடுத்த வாயிலில் காட்டி நுழையும் இடைவெளியின் சராசரி. இடத்தைப் போய்ப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். தண்டவாளத்தை ஒட்டிய சுவரில் ஓட்டை இருக்கிறது. தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள். இயந்திரம் நான்கை நம்பி ரயிலை 18:45க்கு வைத்தது. பாலத்தில் நடந்துகொண்டிருந்தவர்களும் ஓட்டை வழியே ஓடத் தொடங்கினார்கள்.
அவளுடைய கடைசிக் குரல் செய்தி, 18:42: "அம்மா, பாலம் சுத்துனா வண்டி போயிடும். ஓட்ட வழியா போறேன். தோசமாவு இருக்கா?"
என் பதில்: "இருக்கு. சீக்கிரம் வா."

மார்ச் 5, 15:40
நான்கைப் பதினொன்றாக மாற்றினேன். இயந்திரத்தின் பதில்: "திருத்தம் ஏற்கப்படவில்லை. அளவிட்ட சராசரி 4.0."
கடந்துபோனவர்கள்தான் இரண்டாவது வாயிலில் அட்டை காட்டுகிறார்கள். ரயிலில் அடிபட்டவர்கள் காட்டுவதில்லை. அந்தச் சராசரியில் என் மகள் இல்லை.
மேலதிகாரி ஞானசுந்தரத்திடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "தாண்டாதீங்கன்னு போர்டு இருக்கேம்மா. நாலுன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"
ஆமாம். திருத்தம் கேட்டு எழுதியும் கொடுத்துவிட்டேன். அதைப் பரிசீலிக்கும் குழு ஜூனில் கூடுமாம்.

மார்ச் 7, 19:20
சுவர் ஓட்டையில் கைகளை விரித்து நின்றேன். "யக்கா, இன்னா சிலை மாரி நிக்கிற, நவுரு" என்றான் ஒருவன். என் மகள் இங்கேதான் செத்தாள் என்றேன். டிபன் பையோடு நின்ற பெண் சொன்னாள்: "பாவந்தான் மேடம். இத வுட்டா அடுத்த வண்டி இருவத்திரெண்டு நிமிசம். எம் பொண்ணு பூட்டுன வூட்டு வாசல்ல நிப்பா."
அந்த இருபத்திரண்டு நிமிட இடைவெளியும் நான் வைத்ததுதான். நகரவில்லை. ரயில் போய்விட்டது. திட்டிக்கொண்டே பாலம் ஏறினார்கள்.

மார்ச் 14, 10:15
தினமும் நிற்கிறேன். சராசரி 4.6. 5.9. 7.3. எட்டைத் தாண்டினால் இயந்திரமே ரயிலைத் தள்ளிவைக்கும்.
தனி ஓட்டம் ஒன்றில் நறுமுகைக்கு மட்டும் பதினொன்று கொடுத்தேன். 18:45ஐ விட்டாள். 19:07 ரயில். 19:48க்கு வீடு. விடியும்வரை வீட்டிலேயே இருந்தாள். மறுபடி ஓட்டினேன். மறுபடி.

மார்ச் 17, 09:05
சராசரி 3.2.
இயந்திரக் குறிப்பு: "புதிய நடைவழி கண்டறியப்பட்டது. வடக்கே நாற்பது மீட்டர். நேரம் 3 நிமிடம். 18:45 ரயில் நாளை முதல் 18:44."
என்னைத் தவிர்க்க இன்னொரு இடத்தில் சுவரை இடித்திருக்கிறார்கள்.

மார்ச் 18, 18:42
புது ஓட்டையில் நின்றபடி கைபேசியில் எழுதுகிறேன். பழையதில் ஆளில்லை. சுவரின் நீளம் முந்நூறு மீட்டர். என் கைகளை விரித்தால் ஒன்றரை.
மெட்ரோ வந்துவிட்டது. கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. டிபன் பைக்காரி பழைய ஓட்டைப் பக்கம். ஒரு நிமிடம் குறைவு என்று அவளுக்குத் தெரியும், ஓடுகிறாள். கூப்பிட வேண்டும், பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. ரயில் சத்தம். நான் இதை விட்டு அங்கே போனால் இங்கே—