கேபின் பொந்தில் குண்டுகரிச்சான்

ஜூன் 6
வெயில். தார் உருகுகிறது, நானும். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம்தான். கரையேற்றி நிறுத்திய எங்கள் படகில் அப்பாவோடு பெயிண்ட் சுரண்டல். விரலெல்லாம் நீலம்.

கேபின் பலகைப் பொந்தில் ஒரு குருவிக் கூடு. உள்ளே குஞ்சுகள். வந்துபோகும் பெரிய குருவி கறுப்பு வெள்ளை, தூக்கிய வால், அப்படி ஒரு பாட்டு.
அப்பா: "கரிச்சான்ளா."
படகு டிரைவர் செல்வம் அண்ணன்: "மைனாவுக்கும் காக்காவுக்கும் பொறந்தது."
ரெண்டும் தப்பாகத்தான் இருக்கும்.

ஜூன் 8
போனில் பார்த்தாயிற்று. குண்டுகரிச்சான். பெயர்தான் கரிச்சான், இரட்டைவால் கரிச்சானுக்குச் சொந்தமே இல்லை. முன்பு பூங்குருவிகளோடு வைத்திருந்தார்களாம். பிறகு மரபணுவைப் பார்த்து ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றம். அதனிடம் யாரும் கேட்கவில்லை.

வாசித்துக் காட்டினேன். செல்வம் அண்ணன்: "அப்ப என்னய எதுல சேப்ப?"
"நீங்க ஈ பிடிக்க மாட்டிய, ஓட்டத்தான் செய்விய. தனி இனம்."
களைத்துப்போயிருந்த அப்பாகூடச் சிரித்தார்.

ஜூன் 11
முதுகு வலி. இன்று கலப்பத்து, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கும் வேலை. அதைச் செய்யும் அந்தோணி மாமாவுக்கு ஓட்டையைக் கண்டால் கை நிற்காது. சாப்பிட்டு வந்து பார்த்தால் பொந்தையும் அடைத்திருக்கிறார்! வெளியே தாய்க்குருவி, வாயில் புழுவோடு, கயிற்றுக்கும் பலகைக்கும் பறந்துகொண்டு. உளியை எடுத்துத் தோண்டினேன்.

"ஏளா, அடைச்சதப் பிடுங்காத! தொழிலுக்கு ஆகாது!"
"உள்ள பிள்ளைய இருக்கு மாமா!"

மாமா உளியைப் பிடுங்கினார். மிச்சத்தை அவரே தோண்டினார். குஞ்சுகள் உயிரோடு. அப்பா பொந்தை எட்டிப் பார்த்துவிட்டு, தடை முடிய எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். அதுதான் பயம்.

ஜூன் 14
புழுக்கம். படகுகளைத் தண்ணீரில் இறக்கக் கிரேன் வந்துவிட்டது. இன்று இறக்கினால்தான் நாளை விடியலில் எல்லாரோடும் கடலுக்கு. குஞ்சுகளுக்கு இறக்கை பாதிதான். கடலில் யார் புழு கொண்டுவருவது? இறக்க வேண்டாம் என்று அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. ரெண்டு மாதமாக வருமானம் இல்லாத மனுஷர்.

அப்பா கிரேன்காரரிடம்: "பக்கத்துப் படக எறக்குங்க. நமக்கு எஞ்சின்ல ஒரு சத்தம் வருது."
செல்வம் அண்ணன்: "நேத்து நல்லால்லா ஓடுச்சு அண்ணாச்சி?"
"ஒனக்குக் கேக்காது. நாலஞ்சு நாள்ல சரியாயிரும்."

அண்ணன் பொந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமா அண்ணாச்சி. இப்பக் கேக்குது."

அப்பாவுக்குப் புளுக வராது. அதனால் நல்ல எஞ்சினை நிஜமாகவே கழற்ற ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் வரை ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான். சோப்புப் போட்டும் கிரீஸ் போகவில்லை.