உன் அம்மாவின் இலைக்கு ஜப்பான் கடைப் பலகாரம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
17-6-34

சௌபாக்கியவதி தங்கமணிக்கு அப்பா எழுதுவது. நாகப்பட்டினத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள். தந்தி கண்ட நாள் முதல் நீ சரியாய்ச் சாப்பிடவில்லை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். ஏழு மாதக்காரி வயிற்றைக் காயப்போடலாமா. கப்பலேறி வரமுடியவில்லையே என்று மனசை அலட்டிக்கொள்ளாதே, இந்த நிலையில் வந்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் போன செவ்வாய்க்கிழமை முடிந்தது. கிள்ளானிலிருந்து உன் சீதாலெட்சுமி அத்தை வந்து எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தாள், உன் தம்பி அவள் சொன்னபடியெல்லாம் செய்தான். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறானே என்று அத்தை யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது, விழுந்து என்ன. காரியத்துக்கு முதல் நாள் சாயந்தரம் அவள் வந்து, இலையில் படைக்கவேணும், உன் பெண்சாதிக்கு எதுடா ரொம்பப் பிடிக்கும் என்றாள். எனக்குத் தெரியவில்லை தங்கம். இருபத்துமூன்று வருஷம் அவள் கையால் தின்றேன். எனக்குப் பிடித்ததைச் சமைத்தாள், நான் எழுந்த பிறகு மிச்சத்தைப் போட்டுக்கொண்டாள், அவள் எதை ஆசையாய்த் தின்றாள் என்று நான் பார்த்ததே இல்லை. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டுத் தனலெட்சுமிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள், பத்து ரோட்டுக் கடைத்தெருவில் இருக்கிற ஜப்பான் கடைப் பலகாரம் என்றால் அக்காவுக்கு உசிராம், துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அங்கேயே தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாளாம், வீட்டுக்குக் கொண்டுபோனால் அவர் ஏசுவார் என்பாளாம். ஏசியிருக்கிறேன். கடைத் தீனி வீட்டுக்குள் வரக்கூடாது என்று, நீ வாங்கிவந்த ரொட்டியைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தவன்தானே நான்.

விடிந்ததும் குளித்துவிட்டு நானே போனேன். கண்ணாடிப் பெட்டி நிறையத் தினுசு தினுசாய் இருந்தது, எது என்று தெரியாமல் நின்றேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட தமிழ்ப் பொம்பிளை வருவாளே, அவள் தின்பது எது என்று எனக்குத் தெரிந்த மலாய்ப் பாஷையில் கடைக்கார ஜப்பான்காரியிடம் கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மாள் ஆறினதைத் தொடமாட்டாள், அடுப்பிலிருந்து எடுக்கிறவரைக்கும் இதில் உட்கார்ந்திருப்பாள் என்று முக்காலியைக் காட்டினாள். நானும் உட்கார்ந்தேன். தட்டு வந்தது. உள்ளங்கை அகலத்தில் பழுப்பாய்ச் சுட்டிருந்தது, உள்ளே சிவப்புப் பயற்றுப் பூரணம், மேலே கறுப்பு எள். பொட்டலம் கட்டிக்கொண்டே அம்மாள் ஏன் வரவில்லை என்று கேட்டாள். சூடா மாத்தி என்று மலாயிலேயே சொன்னேன். செத்துப்போனாள் என்று தமிழில் இன்னும் ஒருத்தரிடமும் நான் சொல்லவில்லை, இங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சொல்ல வேண்டியே வரவில்லை. அவள் கட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து வணங்கினாள், என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிந்தேன்.

முட்டை கலந்திருக்குமோ என்னவோ, இதையா படைப்பது என்று அத்தை முகத்தைச் சுளித்தாள், பிறகு மேலே இருந்த எள்ளைப் பார்த்துவிட்டு, சரி வை என்றாள். வடைக்கும் பாயசத்துக்கும் நடுவில் வைத்தோம். படைத்து முடிந்ததும் ஒன்று தின்றேன். ஆறிப்போயிருந்தது, நன்றாய்த்தான் இருந்தது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயமாயிருக்கிறது.

தம்பி பள்ளிக்கூடம் போகிறான். நாளை முதல் நானும் ரயில்வே வேலைக்குப் போகிறேன், சோறு தனலெட்சுமி வீட்டிலிருந்து வருகிறது. மாமியார் மனம் கோணாமல் நட என்று எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை வேறொன்று எழுதுகிறேன். உனக்கு எது தின்னப் பிடிக்கும் என்று மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. கூடவே இருக்கிறவர் தானாய்த் தெரிந்துகொள்வார் என்று இருந்துவிடாதே. மாரியம்மன் துணையிருந்து உன்னையும் பிள்ளையையும் நல்லபடியாய் இரண்டாக்கித் தரட்டும், நூறாண்டு வாழுங்கள். பதில் போடும்போது உனக்கு எது பிடிக்கும் என்று மறக்காமல் எனக்கும் எழுது. யோசித்து யோசித்துப் பார்த்தேன், சின்னதில் நீ அவல் கேட்டு அழுவாய் என்பது ஒன்றுதான் தெரிகிறது, அதுவும் அம்மா சொல்லித் தெரிந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா
தம்புசாமி