கம்பிக் குழாயும் கல்யாணப் பந்தியும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14-3-1933

தம்பி ரெங்கசாமிக்கு,

ரயில்வே பட்டறையில் உன் அண்ணனோடு வேலை பார்க்கும் கன்னையா எழுதுவது. நான் சுகம். அங்கே எல்லோரும் நலந்தானே? உன்னிடம் வளரும் அண்ணன் மகள் சீதாலெட்சுமியைக் கேட்டதாகச் சொல்.

அய்யாவு அண்ணன் எழுதிய கடிதம் இதற்குள் வந்திருக்கும். தொண்டைக்குக் குழாய் வைத்தாயிற்று, பூரண குணம், மகள் கல்யாணத்தை ஆவணியில் வைக்கலாம் என்றுதானே எழுதியிருக்கிறார்? அதை நம்பாதே.

அவருக்கு உணவுக்குழாயில் புற்று. மாசி பிறந்தபோது தண்ணீர்கூட இறங்கவில்லை. கம்பியைச் சுருளாகச் சுற்றிய ஒரு சின்னக் குழாயை டாக்டர் வாய் வழியாக இறக்கி வைத்தார். இப்போது பாலும் கஞ்சியும் போகின்றன. அவ்வளவுதான். குழாய் வழி விடும், நோயைத் தீர்க்காது, வைகாசியைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அண்ணனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

ஆனால் அவரோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. கெட்டியாக எதுவும் ஆகாது, பால் குடித்ததும் குழாய் அடைக்காமல் இருக்க இரண்டு மிடறு சோடா குடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இருபது வருஷம் பைப் பொருத்தியவருக்கு டாக்டர் பேச்சு காதில் ஏறுமா? நாலாம் நாள் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்துச் சோறும் கருவாடும் தின்றிருக்கிறார். அடைத்துக்கொண்டு விழி பிதுங்கிவிட்டது. ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் எப்படியோ அடைப்பை எடுத்தார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். "பைப்பு போட்டா முழு பிரஷர் குடுத்துப் பார்க்கணும்லா, கன்னையா. மக கல்யாணத்துல நான் பந்தியில உக்கார வேணாமா?" என்றார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஆவணி வேண்டாம். கடிதம் கண்டதும் சீதாவைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் அடுத்த கப்பல் ஏறு. மாப்பிள்ளை இங்கே பக்கத்தில் கிள்ளானில்தானே இருக்கிறார், சித்திரை முதல் முகூர்த்தத்துக்கு அவர் வீட்டில் பேசிவிட்டேன். அண்ணன் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுகிறார்கள் என்று சொல்.

பந்தியில் அவருக்கும் இலை போடுவோம். பாயசத்தை மட்டும் முந்திரி, ஜவ்வரிசி இல்லாமல் நானே வடிகட்டி வைக்கிறேன். ஒரு டம்ளராவது இறங்கட்டும். அதற்குள் வந்துவிடு, தம்பி.

முருகன் துணையோடு உங்கள் கப்பலை எதிர்பார்க்கும்,
கன்னையா