அவள் கையைப் பிடித்தது நீங்கள்தானா?

என்னங்க,

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் உங்களைக் கூப்பிட்டது இப்படித்தான். 'அன்புள்ள அந்தோனிக்கு' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ கடைக்காரருக்கு எழுதுகிற மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். நீங்கள் எங்கே இருந்தாலும் இந்தக் குரல் உங்களுக்குத் தெரியும். சுகமா என்றெல்லாம் கேட்கப் போவதில்லை. நான் கோபமாக இருக்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். அன்றைக்கு அந்தப் பேய் மழையில், ஓடைப் பக்கம் மண் சரிந்தபோது, பிலோமினாவின் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியது நீங்கள்தானா? செத்து ஒரு வருசம் ஆகப்போகிறது. பெண்டாட்டியின் கனவில்கூட எட்டிப் பார்க்கவில்லை. மாமன் மகளுக்கு மட்டும் கை கால் உடம்போடு போய் நின்றீர்களா?

நம் மகள் ஜெனி இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம். அதனால் உங்கள் மாமன் மகளின் பேரைப் பிலோமினா என்று மாற்றியிருக்கிறேன், தோட்டத்தின் பேரையும் எழுதவில்லை. அவள் பத்திரிகை படிக்கிற ஆளும் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா என்ன!

செபமாலை மாதம். லய வரிசையில் வீடு வீடாகச் செபம் சொல்லி வந்து, அன்று நம் வீட்டு முறை. பால் போடாத பிளேன்டியும் பிஸ்கட்டும் எடுத்து வைத்துவிட்டு உட்காருகிறேன், பிலோமினா எழும்பி நின்று சாட்சி சொல்ல ஆரம்பித்தாள். அதுவும் உங்கள் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு.

"பஸ்ஸு சந்தியிலயே நின்னுடுச்சி. கஹவத்தை டவுன்ல வாங்குன சாமான் பையோட நடந்து வர்றேன். ஓடைகிட்ட பாத்தா பாதையில பாதி மண்ணு. அப்படியே நின்னுட்டேன், காலு நகரல. அந்த நேரம் ஒரு கை வந்து என் கையப் புடிச்சிச்சி. நீல மழைக்கோட்டு. கோட்டுத் தொப்பியில செவப்பு நூல் தையல். ஒரு வார்த்தை பேசல. இழுத்துக்கிட்டு வந்து இந்தப் பக்கம் விட்டுச்சி. விட்டதும் பின்னால மேடு அப்படியே எறங்கிருச்சி. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். அது அந்தோனி மச்சான்தாங்க. மாதா மேல சத்தியமா."

எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்தச் சிவப்பு நூல் தையல் யார் போட்டது? நான். ரப்பர் மரத்து முள்ளில் மாட்டிக் கிழிந்தது என்று நீங்கள் கொண்டுவந்து போட்டபோது, நீல நூல் தீர்ந்துபோய்ச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தேன். ரப்பருக்கு ஏதுங்க முள்ளு என்று அன்றைக்கே கேட்டுச் சிரித்தேன், ஞாபகமிருக்கிறதா? நீங்கள் போன பிறகு சாமான்களை ஒதுக்கியபோது அந்தக் கோட்டு மட்டும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தொலைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது இவள் சொல்கிறாள். நான் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டா அவளிடம் போனீர்கள்?

அவள் உங்கள் முறைப்பெண். உங்கள் அம்மா அவளைத்தான் கேட்டார்கள், நீங்கள் பிடிவாதமாக என்னைக் கட்டினீர்கள். அவள் அதற்கப்புறம் யாரையும் கட்டவில்லை. "அதுக்கு நான் காரணம் இல்லடி" என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் நம்பின மாதிரி இருந்துகொண்டேன். கோயிலில் அவள் பாடும்போது நீங்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பதை நான் பார்த்ததில்லை என்றா நினைத்தீர்கள்?

நீங்கள் போனதிலிருந்து நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை. கதவோரத்தில் நின்றால் போதும், பேச வேண்டாம். பின்கதவின் கொண்டியைப் போடாமலே படுத்துக்கொள்கிறேன், நாய்தான் உள்ளே வருகிறது. வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் விட்டுப் போகிற பிள்ளைகள் பிள்ளைக்காம்பராவில் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு பகலெல்லாம் உங்களையே நினைத்து உட்கார்ந்திருப்பேன். இத்தனை கெஞ்சியவளுக்கு ஒன்றுமில்லை. கேட்காதவளுக்குக் கை!

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரை மடக்கினேன். மோட்டார் சைக்கிளில் ஏறப் போனவர், என் முகத்தைப் பார்த்து இறங்கிவிட்டார்.

"சாமி, செத்தவங்க சம்மனசா, வானதூதரா மாறி வருவாங்களா?"

"மாற மாட்டாங்கம்மா. சம்மனசு வேற படைப்பு, மனுசன் வேற படைப்பு. சம்மனசுங்களுக்கு ஒடம்பே கெடையாது."

"ஒடம்பு இல்லாதவங்க எப்படி சாமி கையப் புடிப்பாங்க?"

"கடவுள் ஒரு வேலையா அனுப்புறப்ப மனுச உருவத்துல வருவாங்க. ஆபிரகாம் வீட்டுக்கு விருந்தாளியா வந்தாங்க. லோத்து குடும்பத்தக் கையப் புடிச்சுத்தான் அழியப்போற ஊருக்கு வெளியில கொண்டாந்து விட்டாங்க. ரபேல் சம்மனசு கூலிக்கு வந்த ஆளு மாதிரியே தொபியா கூட நடந்து போனாரு. ஆனா அது அவங்க சொந்த ஒடம்பு இல்லம்மா. வேலை முடிஞ்சா அந்த உருவமும் போயிடும்."

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அப்ப வந்தது எங்க வீட்டுக்காரரு இல்ல, வேற ஏதோ சம்மனசுதானே?" என்றேன். அந்த மனுசன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்படியும் முடிவா சொல்ல முடியாது. ஆண்டவர் அனுமதிச்சா எறந்தவங்களும் காட்சி குடுக்கலாம். மலையில இயேசு பக்கத்துல மோசேயும் எலியாவும் வந்து நிக்கலையா?"

"அனுமதி குடுக்கிறதுன்னா மொதல்ல பொண்டாட்டிக்குத்தானே சாமி குடுக்கணும்?"

அவர் சிரித்துவிட்டார். "அத நீங்க ஆண்டவர்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். கேட்காமலா இருக்கிறேன்? லோத்துவின் பெண்டாட்டியைக்கூடக் கையைப் பிடித்துத்தான் கூட்டிவந்தார்களாம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதுவே மண்டைக்குள் ஓடியது.

இதற்கிடையில் பிலோமினா பெரிய ஆளாகிவிட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் "அந்தக் கைய தலையில வைங்க பிலோக்கா" என்கிறார்கள். பிள்ளைக்காம்பராவில் என் மடியில் தூங்கி வளர்கிற பிள்ளைகள்! போன கிழமை வீட்டுக்கே வந்தாள். உங்கள் வருசப் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்காரும்போது சாட்சி சொல்லலாமா என்று கேட்கிறாள். "நீங்க சரின்னு சொன்னாதாங்க்கா" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்தினேன். என் புருசனின் வருசப் பூசையில் இவள் கதாநாயகியா? வயிறு எரிந்தது, மூடி மறைக்க என்ன இருக்கிறது.

முந்தாநாள் மத்தியானம் சுனில் மல்லி வந்தான். கீழே கிராமத்தில் மாணிக்கக் குழியில் வேலை செய்கிற, நாம் தம்பி முறையில் மல்லி என்று கூப்பிடுகிற உங்கள் கூட்டாளி சுனில்தான். கையில் ஒரு பை. அதைத் திறந்து அவன் வெளியே எடுத்தது உங்கள் நீலக் கோட்டு.

"அக்கே, கோவிச்சிக்காதீங்க" என்றான் அவனுடைய சிங்களத் தமிழில். "அந்தோனி அண்ணே ஆஸ்பத்திரி போறப்ப என்கிட்ட குடுத்தாரு. மழையில நனையாத, நான் வந்து வாங்கிக்கிறேன்னு சொன்னாரு. அவரு வரல. எனக்குக் கொண்டாந்து குடுக்க மனசு வரல, வெக்கம். வருசம் வருதுன்னு கேள்விப்பட்டேன், அதான்."

எனக்குப் பொறி தட்டியது. "மல்லி, அன்னைக்கு மண்ணு சரிஞ்சப்ப ஓடைப் பக்கம் போனியா?"

"ஆமா. ஒரு நோனா, பொம்பள, நடுப் பாதையில நின்னுட்டு இருந்திச்சி, பவ், பாவம். இழுத்து இந்தப் பக்கம் விட்டேன். ஒரு கையில மரத்து வேரு, வாயில டார்ச், பேசக்கூட முடியல. எங்க வீட்டுல புள்ளைங்க தனியா இருந்திச்சி, குறுக்குப் பாதையில ஓடிட்டேன். அந்த நோனாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

என்னங்க, எனக்கு வந்த சந்தோசம் இருக்கிறதே! அவனுக்குச் சோறு போட்டேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் அவளிடம் போகவில்லை. என் புருசன் எவள் கையையும் பிடிக்கவில்லை. சாமியாரிடம் சொன்னால் சுனிலையே சம்மனசு என்று சொல்லிவிடுவார், சொல்லட்டும், அது அவர் பாடு. அவன் போனதும் கொண்டையை முடிந்துகொண்டு அவள் லயத்துக்குக் கிளம்பினேன். அவள் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

பாதி வழியில், தண்ணீர்க் குழாயடியில், கால் நின்றுவிட்டது.

நீங்கள் அவளிடம் போகவில்லை என்றால், வரவே இல்லை. யாரிடமும் வரவில்லை. இத்தனை நாள் நான் எரிந்தேன், திட்டினேன், உங்களோடு மனசுக்குள்ளே சண்டை பிடித்தேன். ஆனால் அத்தனை நாளும் நீங்கள் வரக்கூடிய ஆளாக இருந்தீர்கள். ஓடைவரைக்கும் வந்தவருக்கு வீடுவரைக்கும் வர எவ்வளவு நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுனில் அந்தக் கோட்டைப் பையிலிருந்து எடுத்தபோது, நீங்கள் இரண்டாம் தடவை செத்துப் போனீர்கள். நான் அது தெரியாமல் சந்தோசத்தில் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

குழாயடியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள்.

பிறகும் அவள் வீட்டுக்குத்தான் போனேன். சொல்வதா வேண்டாமா என்று அப்போதும் முடிவில்லை. ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். என் அழுத முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"நீங்க வேணாம்னா நான் பேசலங்க்கா. எனக்குத் தெரியும், ஒங்களுக்கு வலிக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன், வைய மாட்டீங்களே? இத்தன வயசுல ஒரு ஆளு என் கையப் புடிச்சது அன்னைக்குத்தான்."

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? வாய்வரை வந்ததை விழுங்கினேன். ஆனால் உங்கள் ரீட்டா முழுசாக நல்லவளாக மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள்.

"பேசு. ஆனா கையப் புடிச்சாருன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு சொல்லு சேத்த, பந்தியில இருந்து எழுப்பி விட்ருவேன்" என்றேன். "கோட்டத் தைச்சது நான்தான்னும் சேத்துச் சொல்லு."

"சரிங்க்கா" என்று தலையாட்டினாள்.

கோட்டை அலசிக் காயப்போட்டு, சுனிலைக் கூப்பிட்டு அவனுக்கே கொடுத்துவிட்டேன், நம் தோட்டத்துப் பக்கம் போட்டுக்கொண்டு வராதே என்று சொல்லி. ஏன் என்று கேட்டான். அக்கா சொன்னா கேளு என்றேன்.

ஆக, ஊரைப் பொறுத்தவரை நீங்கள் வந்தீர்கள், அவளைக் காப்பாற்றினீர்கள். நான் மறுக்க மாட்டேன். மறுத்தால் எனக்கும் இனி வரமாட்டீர்கள் என்று ஆகிவிடும். பொறாமையை நான் தாங்கிக்கொள்வேன், அது எனக்குப் பழக்கம். மற்றதைத் தாங்க முடியாது.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று சொல்கிறோமே, அதை இப்போது அழுத்தியே சொல்கிறேன். அந்த நாளில் இரவல் உருவம் ஒன்றும் கிடையாது, உங்கள் சொந்தக் கையோடுதான் எழும்பி வருவீர்கள். அதனால் தோட்டத்துத் தலைவரிடம் போய், மயானத்தில் உங்கள் பக்கத்து இடம் எனக்குத்தான் என்று கறாராகச் சொல்லிவைத்துவிட்டேன். பிலோமினாவுக்கு அந்தக் கோடியில் கொடுக்கட்டும். எழும்பியதும் முதலில் நான்தான் பிடிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து இடத்துக்காரி,
உங்கள் பெண்டாட்டி ரீட்டா