லூர்துவின் பெயரில் போன கருத்து

முதலியார்பேட்டை,
22 ஜூலை 2007, ஞாயிறு.

அன்புள்ள தங்கை ரூபிக்கு,

அக்கா ஆனந்தமேரி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் மாதாவின் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் லூர்துவும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லூர்து மட்டும் என்மேல் கொஞ்சம் மனத்தாங்கலோடு இருப்பான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் மொட்டைமாடிக்கு ஓடினேன். நேற்றுச் சாயங்காலம் பெய்த மழையில் பின் அறை ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, லூர்துவின் பத்திரிகைகள் இருந்த அட்டைப்பெட்டி நனைந்துவிட்டது. அறுபத்தெட்டு இதழ்களையும் தரையில் பரப்பி, பறக்காமல் இருக்கச் செங்கல் துண்டுகளை வைத்தேன். துணி எடுக்க மேலே வந்த உன் அத்தான், “இன்னாடி இது, கருவாடு காயப் போட்டிருக்கியா? காக்கா தூக்கினு போயிடும், பாத்துக்க” என்று சொல்லிவிட்டு இறங்கினார். பழைய இதழ்கள் எட்டு மணிக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன. இந்த வருஷத்து இதழ்கள் வழவழப்புத் தாள் அல்லவா, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. பிரித்தால் ஒரு பக்கத்து ராட்சசனின் தலை எதிர்ப்பக்கத்துக் கார்மேல் உட்கார்ந்திருக்கிறது. பத்திரிகையின் இந்தப் புது மாதிரியைக் குறை சொல்ல இன்னொரு காரணம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். உடனே நீ போனில் கேட்டது நினைவுக்கு வந்தது. “அக்கா, உனுக்கு நாப்பத்தஞ்சு வயசாவுது. வீடியோ கேம் பத்திரிகைக்கு லெட்டர் எழுதற வயசா இது?”

அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். பாதி விஷயம்தான் உனக்குத் தெரியும். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பத்திரிகைகள் முதன்முதலில் எப்படி இந்த வீட்டுக்குள் வந்தன என்று நினைவிருக்கிறதா? ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ பிரான்சிலிருந்து கொடுத்தனுப்பிய கண்ணாடிக் கோப்பைகள் உடையாமல் இருக்க, சுற்றிலும் லூர்து படித்து முடித்த இதழ்களை அடைத்திருந்தாய். கோப்பைகளை அலமாரியில் வைத்துவிட்டு ஓர் இதழைப் பிரித்தேன். பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷமாக வினைச்சொற்களை மட்டுமே கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தவளுக்கு, ஜனங்கள் உண்மையில் பேசுகிற பிரெஞ்சு அதில் இருந்தது. ஒரு விளையாட்டைப் பற்றி ஆறு பக்கம். எழுதியவன் ஒரே பள்ளத்தில் பதினோரு தடவை விழுந்ததையும், பன்னிரண்டாவது தடவை தாண்டி எழுந்து நின்று கைதட்டியதையும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியதையும் எழுதியிருந்தான். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்த விளையாட்டை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதன் பிறகு நீ யாரிடமாவது ஏதாவது கொடுத்தனுப்பினால், புடவையைவிட அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

சரிதாவைப் பற்றி எழுதியிருக்கிறேன். எங்கள் பின் தெருவில் ஐந்து கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிற பெண். அங்கே விளையாட வருகிறவர்கள் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டால் எப்படித் தாண்டுவது என்று தெரியாமல் எழுந்து போய்விடுவார்கள். என்னிடம் பத்திரிகை இருப்பது தெரிந்ததும், “டீச்சர், ஒரு பக்கம் அர்த்தம் சொல்லுங்க, புண்ணியமாப் போவும்” என்று வந்தாள். அப்படி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பிரெஞ்சைப் பார்த்துத் தமிழில் சொல்வேன். லாஸ்பேட்டை காலேஜில் படிக்கிற மாணவர்கள் நாலைந்து பேர் வருவார்கள். கடலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் அரிகிருஷ்ணன், டியூட்டி முடிந்து, தோளில் பையோடு வருவார். வழி தெரிந்துகொள்ள வந்தவர்கள்தான், கொஞ்ச நாளில் எழுதியவன் தோற்ற கதையைக் கேட்கவே வர ஆரம்பித்தார்கள். “இந்த மாசம் நம்மாளு எங்க வுழுந்தாரு டீச்சர்?” என்றுதான் அரிகிருஷ்ணன் உள்ளே நுழைவார்.

இந்த ஜனவரி இதழில்தான் எல்லாம் மாறியது. ஆறு பக்கம் இரண்டாயிற்று. அதிலும் ஒன்றரைப் பக்கம் படம். கட்டத்துக்குள் நான்கு வரி, அதன் கீழே நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். ஐந்து பக்கம் வந்த வாசகர் கடிதங்கள் அரைப் பக்கத்துக்குள் ஒடுங்கிவிட்டன. நான் படித்துச் சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அரிகிருஷ்ணனுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். “எம்பத்தேழு மார்க்குன்றான். மீதி பதிமூணு எங்க போச்சுன்னு சொல்றானா? இது இன்னா பரீட்சையா? படம் பாக்கத்தான் எதுர ஸ்கிரீன் கீதே, புக்குல எதுக்கு படம்?” என்றார். சரிதா விடவில்லை. “அண்ணே, உனுக்கு டீச்சர் படிச்சு சொல்றாங்கோ, நீ நோவாம கேக்கற. படிக்கத் தெரியாதவன் இன்னா பண்ணுவான்? படம் பெருசா இருந்தா அவனும் பாப்பான்ல?” என்று கேட்டாள். “இவ செவுத்துல ஒட்டறதுக்கு அளவு பாக்கறா” என்று அவர் சொல்ல, ஒரே சிரிப்பு.

அதே இதழில் ஒரு கூப்பன் இருந்தது. புது மாதிரி பிடித்திருக்கிறதா என்று சந்தாதாரர்கள் எழுதி அனுப்பலாம், மார்ச் கடைசிக்குள். லூர்துவின் பெயரும் சந்தா எண்ணும் அச்சடித்த சீட்டு மேலுறையில் இருந்தது. அதைக் கிழித்துக் கூப்பனில் ஒட்டி, இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். பக்கத்து வீட்டுச் செல்வாம்பாளின் மகன் மறுநாள் பாரிசுக்குப் புறப்பட்டான். நம் ஊரில் யார் பிளேன் ஏறினாலும் நாலு வீட்டுக் கடிதம் அவர்கள் பெட்டியில் ஏறிவிடுமே, அதே வழக்கத்தில் இதையும் கொடுத்தேன். அவன் அங்கே இறங்கி, ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் போட்டான். லூர்துவின் சீட்டு, பிரான்சு முத்திரை, கீழே கையெழுத்து இல்லை. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

கையெழுத்து ஏன் போடவில்லை என்று நீ கேட்டாய். கூப்பனில் அதற்கு இடமில்லை என்று சொன்னேன். அது பொய். காகிதத்தில் வேண்டிய இடம் இருந்தது. என் பெயரை எழுதப் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். இந்த வயதில், இந்த வேலையில் இருக்கிற ஒரு பொம்பளை இதையெல்லாம் படிக்கிறாள் என்று முன்பின் தெரியாதவர்கள்கூட நினைத்துவிடக் கூடாது என்று வெட்கம். “நாங்கள்” என்று எழுதி அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

ஜூன் இதழில் வந்த பக்கத்தை நீ சரிதாவின் மெயிலுக்கு அனுப்பினாய் அல்லவா, சென்டரில் அன்று திருவிழாதான். ஒன்பது வரியாகக் குறைத்து, ‘எங்களுக்குத் தோற்ற கதை வேண்டும்’ என்று தலைப்பும் கொடுத்திருந்தார்கள். இப்படி எழுதும் வாசகரை நேரில் பார்க்க ஆசை என்று ஒரு குறிப்பும் இருந்தது. அரிகிருஷ்ணன் பிரிண்ட் எடுத்து லாமினேட் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம்தான் கீழே இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, “யாரு டீச்சர் இந்த லூர்துபிரகாஷ்? நம்ம வயிறெரிஞ்சு எழுதனதுக்கு அவுரு பேரா?” என்று கேட்டார். என் தங்கை பிள்ளை என்றேன். “அப்ப சரி, வூட்டுப் புள்ளதான்” என்று ஆணியடித்து மாட்டினார்.

உங்கள் வீட்டில் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை என்று தெரிகிறது. பத்திரிகை ஆபீசிலிருந்து லூர்துவுக்கு அழைப்பு வந்திருக்கிறது, செப்டம்பர் 15-ஆம் தேதி பன்னிரண்டு வாசகர்கள், ஒரு நாள் முழுக்க, இன்னும் கடைக்கு வராத விளையாட்டுகளை விளையாடிப் பார்க்கலாம் என்று சொன்னாய். அங்கே கேட்டால் சொல்வதற்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பு, பிள்ளை மனப்பாடம் பண்ணிக்கொள்ளட்டும் என்றாய். உனக்குக் கோபம் இருந்தாலும், மகன் பேர் அச்சில் வந்த பெருமையும் குரலில் இருந்தது. நானும் சரி என்றேன்.

புதன்கிழமை லூர்துவே போன் பண்ணினான், உனக்குத் தெரியாமல் என்று நினைக்கிறேன். முதலில், “பெரியம்மா, சீக்கிரம் எழுதி அனுப்புங்க, எனுக்கு அங்க போயே ஆவணும்” என்றான். எந்தக் கட்டுரை உனக்கு ரொம்பப் பிடித்தது, அதையும் சேர்க்கிறேன் என்று கேட்டேன். அப்போதுதான் உண்மையைச் சொன்னான். “நான் அதெல்லாம் படிச்சதே இல்ல பெரியம்மா. படம் பாத்துட்டு உங்களுக்கு அனுப்பிடுவேன். நீளநீளமா இருந்தா எழுத்தெல்லாம் எனுக்கு ஆடும். ஸ்கூல்லயும் அப்படித்தான். இந்த வருஷந்தான் முழுசாப் படிக்கறேன். சின்னச் சின்னக் கட்டமா போடறாங்க இல்ல, அதனால. எங்க கிளாஸ்ல, நீயா நீளமா எழுதச் சொன்னன்னு கேட்டு சிரிக்கறானுங்க.”

ரூபி, எழுத்து ஆடுகிறது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறானா? சொல்லியிருக்க மாட்டான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது என் வகுப்பில் அப்படி உட்கார்ந்திருக்கும், நன்றாகப் பேசும், புத்தகத்தைத் திறந்தால் தலை குனிந்துவிடும். சோம்பேறித்தனம் இல்லை. இதற்கென்று பார்க்கிறவர்கள் அங்கே உண்டு. பள்ளிக்கூடத்தில் கேட்டு அழைத்துக்கொண்டு போ. திட்டாமல் கேள்.

எனக்கு அன்று சமையலில் மனம் செல்லவில்லை. உன் அத்தான் ரசத்தை வாயில் வைத்துவிட்டு, “இன்னா, உப்பும் கட்டத்துக்குள்ளதான் இருக்கா?” என்று கிண்டல் பண்ணினார். இத்தனை வருஷமாக நானும் அவனும் ஒரே பக்கத்தைப் படித்து ஒரே இடத்தில் சிரிக்கிறோம் என்று நினைத்திருந்தேன். ஓரம் மடங்கியிருந்தால் அவன் ரசித்த இடம் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டு, அதை இரண்டு தடவை படிப்பேன். அது போகட்டும். என் கருத்துப்படி அவர்கள் பழைய மாதிரிக்குத் திரும்பினால், பிள்ளை கையில் இருக்கிற பத்திரிகையைப் பெரியம்மா பிடுங்கியது மாதிரி ஆகாதா? அவன் வாயாலேயே அதைக் கேட்கவும் வைப்பதா?

இன்னொன்றும் உறுத்தியது. “நாங்கள்” என்று எழுதினேனே, அதில் சரிதா எங்கே? அவள் சொன்னது ஒரு வரிகூட இல்லை. நேற்று அவளிடம் இதை ஒப்புக்கொண்டேன். “வுடுங்க டீச்சர், எழுதறவங்க கைல பேனா இருந்தா அவங்க சொல்றதுதானே” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, நெட் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தவனிடம் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நீ கேட்ட நான்கு பக்கத்தை வெள்ளிக்கிழமையே எழுதி முடித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது, பொய்யாக அடக்கம் காட்ட மாட்டேன். ஆனால் அது இந்த உறையில் இல்லை, தேடாதே. உன் அத்தானுக்கோ சரிதாவுக்கோ நான் இன்னும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அந்த நான்கு பக்கத்தோடு சரிதாவின் கட்சியையும் ஐந்தாவது பக்கமாகச் சேர்த்து, ஆனந்தமேரி, நாற்பத்தைந்து வயது, பிரெஞ்சு ஆசிரியை, முதலியார்பேட்டை, புதுச்சேரி என்று கீழே எழுதிவிட்டேன். ஜூன் இதழில் வந்தது என் கருத்து, என் தங்கை மகன் அதற்கு நேர் எதிராக நினைக்கிறான், அவனுக்கு உங்கள் புது மாதிரி ஏன் தேவைப்படுகிறது என்று அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். நாளைக் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலில் சேர்க்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் வியாழக்கிழமைதான் புறப்படுகிறார். நீ படிக்கும்போது அது போயிருக்கும்.

அவர்கள் அழைப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டால் லூர்து என்னோடு பேசாமல் இருப்பான். இருக்கட்டும், நான் பொறுத்துக்கொள்வேன். அழைத்தார்களானால், கொஞ்சம் திக்கினாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து எதையும் சொல்லிக்கொடுக்காதே, ரூபி. அவனுக்குத் தோன்றியதை அவனே சொல்லட்டும். பிள்ளையை மாதா காப்பாற்றுவாள்.

உங்கள் மூவருக்கும் என் முத்தங்களோடு,
உன் அக்கா
ஆனந்தமேரி