மணிக்கட்டோடு நின்ற சிவப்பு

மார்ச் 4, செவ்வாய்

விரல் இடுக்கில் மறுபடியும் அரிப்பு. சுண்டுவிரல் முட்டியில் வெடிப்பு. ஷாம்பூ பட்டால் சுரீர் என்கிறது. பதினெட்டு வருடமாகத் தலைமுடி வெட்டுகிறேன், சாயம் பூசுகிறேன். இப்போது என்ன வந்தது இந்தக் கைக்கு?

மார்ச் 6, வியாழன்

முடி வெட்ட வந்த டீச்சர் கண்ணாடியில் என் கையைப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். "இது ஒட்டிக்குமா?" அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கே தெரியாதே.

கடை என் நாத்தனாருடையது. வேலைக்காரியை முதலாளி 'அண்ணி' என்று கூப்பிடும் கடை வேறு எங்காவது இருக்குமா? சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. இனிமே சாயத்துக்கு மட்டும் இல்ல, நாள் முழுக்க கையுறை போட்டுக்கிட்டே வேலை பாருங்க. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்."

"அதுக்குள்ள ஆறலைன்னா?"

"போன் எடுக்க ஆள் வேணும்ல, அங்க உக்காந்துக்கலாம்..." துண்டு மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

சும்மா பயந்துகொண்டிருப்பதைவிடக் கண்டுபிடித்துவிடலாமே. சந்தேகப் பட்டியல் எழுதினேன்: குளியல் சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், ஷாம்பூ, முடிச்சாயம். சாயத்தைக் கடைசியில்தான் எழுதினேன். எழுதவே மனம் வரவில்லை.

சோப்பை மாற்றியாயிற்று. பாத்திரம் இனி என் வீட்டுக்காரர் பொறுப்பு. "பாத்திரம் கழுவாம இருக்க இவ்வளவு பெரிய திட்டமா?" என்றார். ஆனால் கழுவினார். குக்கர் மூடியை மட்டும் காணவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கீழ்வீட்டு அக்கா சொன்னாரே என்று எலுமிச்சை தேய்த்தேன். ஐயோ.

மார்ச் 16, ஞாயிறு

சோப்பு மாற்றி ஒரு வாரம். பாத்திரத்தைத் தொட்டே ஒரு வாரம். கையுறையைக் கழற்றுவதே சாப்பிடத்தான். இருந்தும் அதிகமாகியிருக்கிறது! புறங்கை முழுக்கச் சிவந்து, பொடிப்பொடியாய் நீர்க்கொப்புளம்.

அப்போ சாயம்தானா? சாயம்னா என் பொழப்பு என்ன ஆகும்? கத்திரியை விட்டா எனக்கு வேற என்னதான் தெரியும்...

மார்ச் 19, புதன்

தோல் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். அவசரமே படவில்லை. என் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள்.

"சிவப்பு எங்க நிக்குது பாருங்க. மணிக்கட்டுல, கோடு போட்ட மாதிரி. மேல ஒண்ணுமே இல்ல."

இத்தனை நாள் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அது எங்கே முடிகிறது என்று பார்க்கவே இல்லை.

ஒட்டாதாம். அப்பாடா. வெந்நீர் கூடாது. கழுவினால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசலின். எலுமிச்சைக் கதையைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு களிம்பும் எழுதித் தந்தாள். "பத்து நாள் மட்டும். நல்லா இருக்கேன்னு நீங்களா மறுபடி வாங்கிப் போடாதீங்க, தோல் மெலிஞ்சிடும்."

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் சோதனை செய்யலாமாம்.

மார்ச் 24, திங்கள்

முதுகில் பட்டை ஒட்டிவிட்டார்கள், முப்பது கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள், துளியளவு. இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. அவர் முதுகை எட்டிப் பார்த்து, "தாயம் ஆடலாம் போல" என்றார்.

மார்ச் 26, புதன்

பிரித்துவிட்டார்கள். இன்னும் முடிவு சொல்ல முடியாதாம், வெள்ளிக்கிழமை மறுபடி பார்க்க வேண்டுமாம். ஓர் இடம் மட்டும் அரிக்கிறது. எந்தக் கட்டம்? இரண்டு கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

மார்ச் 28, வெள்ளி

சாயம் இல்லை!

ரப்பர். கையுறையை மிருதுவாக இழுபட வைக்க ரப்பரில் ஏதோ சேர்ப்பார்களாம், அது எனக்கு ஆகவில்லை. நான் பட்டியலில் கையுறையைச் சேர்க்கவே இல்லையே. மருந்து மாதிரியல்லவா மாட்டிக்கொண்டிருந்தேன்! அழுவதா சிரிப்பதா தெரியாமல் இரண்டையும் செய்தேன். டாக்டர் டிஷ்யூ நீட்டினாள்.

"சாயம் பூசும்போது வெறுங்கை கூடாது. ரப்பர் இல்லாத வினைல் கையுறை கிடைக்கும், அதை போடுங்க. மத்த நேரம் கை காத்தாட இருக்கட்டும்."

நாத்தனாரிடம் சொன்னேன். "நான்தானே நாள் முழுக்க போட சொன்னேன்" என்றாள்.

"நீ நல்லதுக்குத்தான சொன்ன."

ஏப்ரல் 5, சனி

வினைல் கையுறை தொளதொள என்றிருக்கிறது. பழகிவிடும். அரிப்பு பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

நேற்று ஐந்து பேருக்குத் தலை அலசி, இரண்டு பேருக்குச் சாயமும் பூசினேன். கை சும்மா இருந்தது.

மத்தியானம் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டே அதையும் இதையும் பேசினாள். கடைசியில் முடியை ஒதுக்கிக் காது மடலைக் காட்டினாள். பொருக்குத் தட்டி, பின்பக்கம் நீர் கசிந்திருந்தது.

"மூணு வருஷமா இப்படித்தான் அண்ணி. யார்கிட்டயும் சொல்லல. நாலு தலையை அழகு பண்றவ காதை பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அவளை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். "டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டு போறேன்" என்றதும் தலையாட்டினாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.

"எந்தக் கம்மல் போட்டா அதிகமாகுது, சொல்லு."